வழி கூறுவார் கடன்

முன்பின் அறியாத ஒருவர் வந்து வழி கேட்டால் அதைக் கூறுவது நம் கடமையா, அன்றி நம் விருப்பத்தைப் பொறுத்ததா? கூறிய வழி பிழையாகிக் கேட்டவர் இடர்ப்பட்டால், அவ்விடரில் நமக்கும் பங்கு உண்டா? சென்ற தலைமுறை வரையில் இவை திண்ணையில் அமர்ந்து பேசுவதற்குரிய வினாக்களாகவே இருந்தன. கேட்பவர் ஒருவர், கூறுபவர் ஒருவர், இடையே அரை நிமிடப் பேச்சு. அத்துடன் உறவு முடிந்தது. இன்றோ நிலைமை வேறு. ஊர்தியின் முன்புறத்திலும் கைப்பேசியிலும் இருந்துகொண்டு ‘இடப்புறம் திரும்புக’ என்று உரைக்கும் செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவிகளுக்குள் இருக்கும் நிலப்படங்கள் பலவும், முகம் அறியாத பொதுமக்கள் தாமே முன்வந்து, கூலி பெறாமல் எழுதிக் கொடுத்த செய்திகளால் நிரம்பியவை. ஒருவர் தம் தெருவைப் பற்றி ஒரு மாலைப் பொழுதில் எழுதி வைத்ததை, அவரை என்றும் காணாத பலர் நள்ளிரவில் நம்பிச் செல்கிறார்கள். பழைய வினா புதிய கனத்துடன் நம் முன் வந்து நிற்கிறது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். விண்ணில் சுற்றிவரும் செயற்கைக்கோளே நமக்கு வழி காட்டுவதாகப் பலரும் எண்ணுகிறோம். அஃது உண்மையன்று. கோள்கள் அனுப்புபவை நேரக் குறிப்பும் தாம் இருக்கும் இடக் குறிப்பும் மட்டுமே. குறைந்தது நான்கு கோள்களின் குறிப்புகளைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கருவி கணக்கிட்டுக் கொள்கிறது. நம் முன்னே இருப்பது சாலையா சாக்கடையா என்பது கோளுக்குத் தெரியாது. அமெரிக்கப் படைத்துறை அமைத்த ஜி.பி.எஸ். முறையில், பொதுமக்களுக்குரிய குறிப்பு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரையில் வேண்டுமென்றே மழுங்கலாக்கி அனுப்பப்பட்டது. நூறு மீட்டர் வரை பிழை நேரும். அம்மழுங்கல் நீங்கிய பின்னரே, எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று கருவி ஓரளவு உறுதியாகக் கூற முடிந்தது. ஆயினும் தெருவின் பெயர் யாது, அஃது ஒருவழிப் பாதையா, அதன் கோடியில் சுவர் நிற்கிறதா என்பவையெல்லாம் அந்த மண்ணில் நடந்தவர் சொன்னாலன்றி விளங்கா. வானிலிருந்து எடுத்த படத்திலும் கூரைகள் தெரியுமேயன்றித் தெருவின் பெயர் தெரிவதில்லை.

நடந்து அறிந்து எழுதும் அத்தொழில் நெடுங்காலம் அரசுகளின் கையிலேயே இருந்தது. நம் நாட்டில் சர்வே ஆஃப் இந்தியா 1767இல் தோன்றியது. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயம் வரை நீண்ட பெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது அவருடைய தியோடலைட் கருவி மோதிச் சிதைந்தது. அரை டன் எடையுள்ள அக்கருவியை அவரே அமர்ந்து பழுது பார்த்தார். குமாவோன் மலைநாட்டு நயின் சிங் 1860களில் மாறுவேடம் பூண்டு திபெத்துக்குள் புகுந்து, நூற்றெட்டு மணிகளுக்கு மாறாக நூறு மணிகள் கோத்த செபமாலையை உருட்டித் தம் காலடிகளை எண்ணி வந்தார். இவர்களுடைய உழைப்பை வியவாமல் இருக்க முடியாது. ஆனால் அவ்வுழைப்பின் பயன் முதலில் சென்றடைந்த இடம் ஆள்வோரின் அலுவலகம். வழிப்போக்கன் கைக்கு அது வந்து சேர நெடுநாள் ஆயிற்று.

இதற்கு மாறான எண்ணம் உருப்பெற்றது இங்கிலாந்தில். அங்கு 1791 முதல் இயங்கிவரும் ஆர்டினன்ஸ் சர்வே நிறுவனத்தின் படங்கள் மிக நுட்பமானவை. ஆனால் அரசின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை, விலை மிக்கவை. அவற்றைப் பார்த்துத் தன் படங்களை வரைந்துகொண்டது பற்றிய வழக்கில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2001இல் இரண்டு கோடி பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது என்றால், ஓர் ஊரின் தெருக்கோடுகளுக்கு எத்துணை மதிப்பு இருந்தது என்பது விளங்கும். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். முறை எளியது. மிதிவண்டியிலோ நடந்தோ கருவியைக் கொண்டுசென்றால் அது தடத்தைப் புள்ளிகளாகப் பதிந்துகொள்ளும். வீடு திரும்பியபின் புள்ளிகளைக் கோடாக இணைத்து, தெருவின் பெயரையும் தன்மையையும் எழுதிச் சேர்க்க வேண்டும். பிறர் உரிமையுள்ள படத்தைப் பார்த்து எழுதுதல் கூடாது என்பது அங்குக் கண்டிப்பான விதி. கார்மின் முதலிய கையடக்கக் கருவிகளில் இப்படத்தை ஏற்றிக்கொள்ளும் வழிகளையும் தொண்டர்களே செய்து வைத்தனர். வணிக நிறுவனங்களும் இதன் பயனை உணராமல் இல்லை. டாம்டாம் என்னும் டச்சு நிறுவனம் 2007 முதல், தன் கருவியை வாங்கியவர்களே சாலைப் பிழைகளைத் திருத்தி ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ள வழி செய்தது.

பெற்றவர் பெறாதவருக்கு வழி கூறும் இச்செயல் தமிழர்க்குப் புதிதன்று. ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்துதல் என்பது வழியிலே செலுத்துதல். பத்துப்பாட்டில் சரிபாதி நூல்கள் ஆற்றுப்படை என்னும் துறையைச் சார்ந்தவை. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்குத் தான் சென்ற வழியை எடுத்துரைப்பதே அவற்றின் அமைப்பு. தன் வருவாய்க்குப் போட்டியாக இன்னொருவனை அனுப்புகிறோமே என்ற எண்ணம் அங்கே இல்லை. அவற்றுள்ளும் மலைபடுகடாம் நமக்கு மிக வேண்டியது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தரை நோக்கி, வழியின் அழகை மட்டுமன்றி அதன் இடர்களையும் அந்நூல் ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கிறது: தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், விலங்குக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், வழுக்கும் நிலம். பின்னும் ஓர் அரிய குறிப்பு அதில் உண்டு. வழி பிரியும் இடங்களில் தடத்தைத் துலக்கி, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறு அந்தப் புதியவர்களுக்கே அது அறிவுறுத்துகிறது. நாட்டுக்குப் புதியவன், வழி கேட்டுச் செல்பவன், அவனும் தனக்குப் பின் வருவோருக்கு அடையாளம் இட வேண்டும் என்ற எண்ணம் எத்துணை உயர்ந்தது! பெறுபவன், தருபவன் என்ற இரு சாதி அங்கே இல்லை. பிறந்த ஊரை விட்டு வந்து, பிறர் சொல்லிய வழியிலேயே இப்பெருநகரங்களில் காலூன்றிய நமக்கு அக்குறிப்பு தனியே பொருந்தும்.

இக்காலத்தில் அப்படிப் புல் முடிந்தவர்களின் அருமையை உலகம் கண்டது 2010இல். அவ்வாண்டு சனவரி 12ஆம் நாள் ஹெய்ட்டி நாட்டைப் பெருநிலநடுக்கம் தாக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களுக்கு நம்பத்தக்க விரிவான படம் எளிதில் கிடைக்கவில்லை. செயற்கைக்கோள் படங்களைச் சில நிறுவனங்கள் திறந்துவிட, அந்நாட்டில் கால்வைத்தறியாத நூற்றுக்கணக்கானோர் தத்தம் வீடுகளில் அமர்ந்து, சில நாள்களுக்குள் தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் கூடாரங்கள் எழுந்த இடங்களையும் வரைந்து முடித்தனர். மீட்புக் குழுவினர் அப்படத்தைத் தம் கையடக்கக் கருவிகளில் ஏற்றிக்கொண்டு இடிபாடுகளுக்கிடையே சென்றனர். எழுதியவருக்கும் மீட்கப்பட்டவருக்கும் இடையே மொழி, நாடு, அறிமுகம் ஒன்றும் இல்லை. கடமை என்பது அறிமுகத்திலிருந்து பிறப்பது என்று வாதிடுவோர் இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதுவரை கூறியது இதன் ஒளிப்பக்கம். முடிந்த புல்லுக்கு ஓர் இயல்பு உண்டு. சில நாள்களில் அது வாடிவிடும். வாடிய புல்லைக் காண்பவன் இது பழைய அடையாளம் என்று ஐயுறுவான். எதிரே நின்று வழி கூறியவனிடம் ‘மழைக்குப் பிறகும் அவ்வழி உண்டா?’ என்று மறுவினா தொடுக்கலாம். கருவிக்குள் எழுதிய அடையாளமோ வாடுவதில்லை. வழி அழிந்து பல்லாண்டு ஆன பின்னும், நேற்று எழுதியது போன்ற அதே பச்சைக் கோடாக, அதே உறுதியான குரலில் அது பேசும். மேலும், ஒருவர் தம் கருவியில் ஏற்றிக்கொண்ட படம் ஒரு படியே. மூலத்தைத் திருத்தினாலும் அந்தப் படி தானாகத் திருந்துவதில்லை. சொன்னவர் தம் சொல்லை மாற்றிக்கொண்ட பின்னும் பழைய சொல் எங்கோ ஒரு வண்டியில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்துப் பரேலி மாவட்டத்தில் நிகழ்ந்தது இதன் கொடுமையைக் காட்டும். இராமகங்கை ஆற்றின் பாலம் ஒன்றின் ஒரு பகுதியை வெள்ளம் முன்னரே கொண்டுபோயிருந்தது. அதை அறியாமல் சென்ற ஊர்தி ஆற்றில் வீழ்ந்து மூவர் மாண்டனர். வழிகாட்டியை நம்பிச் சென்றனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. பாலத்தில் போதிய தடுப்பு இல்லை என்பதும் வெளிவந்தது. சாலைத் துறைப் பொறியாளர்கள் மீதும், வழிகாட்டி நிறுவனத்தின் பெயர் குறிப்பிடப்படாத அலுவலர் ஒருவர் மீதும் வழக்குப் பதியப்பட்டது. தடுப்பு வைக்க வேண்டியவர் வைக்கவில்லை என்பதே முதற்குற்றம். இதில் நமக்கு ஐயமில்லை. படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அரசின் கடமையை அது குறைக்காது. எனினும் வேறொரு நினைவு நம்மை விடுவதில்லை. ஒரு பாலம் உடைந்தால் அவ்விடம் வரை சென்று திரும்பியவர்கள் இருந்தே தீர்வர். திரும்பினோம், தப்பினோம் என்று அவர்கள் தத்தம் வழியே போயிருப்பர். அவர்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் தாம் பெற்ற அறிவைப் பெறாதவருக்குக் கூறவும் இல்லை. ஆற்றுப்படை மரபின்படி நோக்கினால், படத்தைத் தவறாக எழுதியவரைக் காட்டிலும் உண்மையைக் கண்டு திரும்பிப் பேசாமல் இருந்தவரே கடனாளி என்று நாம் கருதுகிறோம். எழுதியவர் எழுதிய நாளில் பாலம் இருந்தது.

இது கடுமையான முடிவு என்று சிலர் கூறலாம். கண்டதையெல்லாம் பதிவு செய்துகொண்டே வாழ முடியுமா என்றும் கேட்கலாம். முடியாதுதான். ஆயினும் தெருவில் கிடக்கும் முள்ளை எடுத்து ஓரத்தில் போடுபவன், உலகத்து முட்களையெல்லாம் எடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. தான் கண்ட முள்ளுக்கே அவன் பொறுப்பு. அந்த அளவு பொறுப்பு யாருக்கும் சுமையாகாது.

ஆனால் கூறியவர் கூறியும் கேட்பார் இல்லையெனில்? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஹிக்கரி நகரில் 2013இலேயே இடிந்துபோன ஒரு பாலத்தின் வழியே 2022 செப்டம்பர் இறுதியில் இரவில் ஊர்தி செலுத்திய ஒருவர் வீழ்ந்து இறந்தார். அப்பாலம் இல்லை என்று அவ்வூரார் கூகுள் நிறுவனத்துக்கு முன்னரே அறிவித்திருந்தனர் என்பது, 2023இல் அவர் குடும்பத்தார் தொடுத்த வழக்கின் கூற்று. வழக்கின் முடிவு எவ்வாறாயினும் அறத்தின் நோக்கில் ஒன்று தெளிவு. மக்களிடம் வழிச்செய்தி கேட்டு வாங்கும் நிறுவனம், அவர்கள் கொண்டுவந்த திருத்தத்தைப் படிக்கவும் கடமைப்பட்டது. வாங்கும் கை திறந்திருக்கும்போது காது மட்டும் மூடியிருத்தல் முறையன்று.

உடைமை பற்றிய வினாவும் இதனோடு பின்னியது. இசுரேலில் 2006இல் தொண்டர்கள் கூடி வரையும் இலவச நிலப்படமாகத் தொடங்கிய ஒரு முயற்சி, பின்னர் வேஸ் என்னும் நிறுவனமாயிற்று. 2013இல் கூகுள் அதை ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு வாங்கியது. நாள்தோறும் தம் பயணத்தால் அப்படத்தை நிரப்பிய ஓட்டுநர்களுக்கு அவ்விலையில் பங்கில்லை. அவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்று உடனே கூறிவிட முடியாது. தமக்கு வேண்டிய வழிச்செய்தியை அவர்களும் நாள்தோறும் பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆயினும் வழிப்போக்கனுக்கென்று தோண்டிய கிணற்றைச் சுற்றிப் பின்னர் ஒருவர் வேலி கட்டினால் தோண்டியவர்க்கு எழும் மனவருத்தம் காசினால் வருவதன்று. நம் கோயில் கல்வெட்டுகளில் அறக்கொடை செய்தவர்கள், அக்கொடையை அழிப்பவர் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என்று எழுதி வைத்தனர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தார் 2012 செப்டம்பரில் ஏற்றுக்கொண்ட உரிமம் சாபம் இடவில்லை, கட்டளை இடுகிறது. யாரும் அச்செய்திகளைப் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். எங்கிருந்து பெற்றோம் என்பதைச் சொல்ல வேண்டும். அவற்றை விரிவாக்கி வெளியிட்டால் அவ்விரிவையும் அதே உரிமையோடு பிறர்க்குத் திறந்துவிட வேண்டும். வேலி கட்டாமல் இருப்பதற்கு ஒரு வேலி என்று இதைச் சொல்லலாம்.

அக்கல்வெட்டுகளில் சாபத்தைவிட நம்மை ஈர்ப்பது மற்றொரு தொடர். இவ்வறத்தைக் காப்பவருடைய திருவடி தம் தலைமேல் இருப்பதாகும் என்று, கொடை செய்தவர், அது மன்னனேயாயினும், எழுதி வைத்தார். ஏரியைத் தோண்டியவரினும் அதைத் தூர்வாரிக் காப்பவர் மேலானவர் என்பது அதன் உட்பொருள். குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் கூடி ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிட்டு வந்த வழக்கம் இவ்வெண்ணத்தின் நடைமுறையே. நிலப்படத் தொண்டிலும் புதிய சாலையை முதலில் வரைவதற்கு ஆர்வலர் பலர் முன்வருவர். பெயர் கிடைக்கும், மகிழ்ச்சியும் உண்டு. எழுதிய சாலையை ஓராண்டு கழித்து மீண்டும் சென்று பார்த்து, இன்னும் அவ்வாறே உள்ளது என்று உறுதி செய்வதற்கு ஆள் குறைவு. அவ்வேலையில் புகழ் இல்லை. பரேலியும் ஹிக்கரியும் காட்டுவது அவ்வேலையின் தேவையைத்தான்.

பொய்யைப் பற்றியும் ஒரு சொல். வேஸ் கருவி நெருக்கடியைத் தவிர்க்க ஊர்திகளைக் குடியிருப்புத் தெருக்களுக்குள் திருப்பிவிட்டதால் அமைதி இழந்த மக்கள் அமெரிக்காவில் பலர். நியூ ஜெர்சியின் லியோனியா என்னும் சிற்றூர் 2018 சனவரியில் ஏறத்தாழ அறுபது தெருக்களை, நெருக்கடி நேரங்களில் வெளியார் ஊர்திகளுக்கு அடைத்தது. அது வெளிப்படையான செயல். மேரிலாந்து மாநிலத்து டகோமா பார்க்கில் குடியிருந்த ஒருவரோ, தம் தெருவில் விபத்து என்று கருவிக்குப் பொய்ச்செய்தி அனுப்பி ஊர்திகளை விலக்க முயன்றதாக 2016இல் செய்தி வந்தது. தன் பிள்ளைகள் தெருவில் விளையாட வேண்டும் என்று விரும்புவது குற்றமா? குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் வரிசையில் வைக்கப்படும் என்ற வள்ளுவர் கருத்தை இங்குத் துணைக்கு அழைப்போர் உண்டு. ஆனால் அங்கு விலக்கப்பட்ட ஊர்திகள் காற்றில் கரைந்து போகவில்லை. அடுத்த தெருவில் விளையாடும் பிள்ளைகளின் நடுவே சென்றன. அதைக் குற்றமில்லாத நன்மை என்று எப்படிக் கூறுவது?

பெயர்களைப் பற்றிய ஆசையும் இதற்குச் சற்று உறவானது. பெங்களூரில் ஹலசூரு என்று பலகை இருக்கும் இடத்தை நம்மவர் அல்சூர் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். படத்தில் தமிழ்ப்பெயர் வர வேண்டும் என்று விரும்புவது இயல்பு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்தின் முதற்பெயராக அம்மண்ணில் வழங்குவதையே எழுத வேண்டும். தமிழ் வடிவத்துக்கென்று தனியே ஓர் இடம் உண்டு. அவ்விடத்தில் நிறைவாக எழுதுவோம். முதலிடத்தில் நம் விருப்பத்தை எழுதினால், பலகையைத் தேடி வரும் புதியவன் தெருவில் திகைத்து நிற்பான்.

இனி நம் வாசலுக்கு வருவோம். தில்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் நம்மில் பலர் வாழும் குடியிருப்புகளுக்கு மூன்று நான்கு வாயில்கள் இருக்கும். இரவு பத்து அல்லது பதினோரு மணிக்குமேல் ஒன்றைத் தவிர மற்றவை பூட்டப்படும். எது திறந்திருக்கும் என்பது காவலருக்கும் அங்கே குடியிருப்போருக்கும் மட்டுமே தெரியும். வானிலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் அது தெரியாது. முதியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி என்று அழைத்தால், நோயாளர் ஊர்தியின் ஓட்டுநர் கருவி காட்டும் மிக அருகிலுள்ள வாயிலுக்கு வருவார். அது பூட்டியிருக்கும். பின்னே திரும்பி, சுற்றி, அடுத்த வாயிலைத் தேடுவார். வாயில் இருக்குமிடத்தையும் அது திறந்திருக்கும் நேரத்தையும் எழுதுவதற்கு நிலப்படத்தில் இடம் ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள். எழுதுவதற்குப் பிடிக்கும் நேரம் ஐந்து நிமிடம். பூட்டும் நேரம் மாறும்போது இன்னும் ஐந்து நிமிடம்.